கரண்ட் போன ஐந்து நிமிடம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு சின்ன நாடகக் குழு உண்டு. பதினான்கு பேர், பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். பொங்கலுக்கு, அறுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரை பாட்டும் நடிப்புமாக ஒரு நிகழ்ச்சி போட்டோம். 22 பாட்டு, மூன்று மணி நேரம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பெல்பாட்டம் எல்லாம் வாடகைக்கு எடுத்தோம். முதல் நாலு பாட்டுக்குக் கைதட்டல் பலம். எண்பதுகள் வருவதற்குள் பாதிக் கூட்டம் பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டது. நடுவில் ஐந்து நிமிடம் கரண்ட் போனது. எங்கள் குழுவின் மூத்த அம்மா ஒருவர் மைக் இல்லாமலே சிலோன் ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி பேசிச் சமாளித்தார். அதற்கு மட்டும் அரங்கமே சிரித்தது. கோடையில் மறுபடி போடப்போகிறோம். எங்கே பிசகியது? டிக்கெட் வைக்கலாமா?

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பதிலை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். கரண்ட் போன அந்த ஐந்து நிமிடம்தான் உங்கள் நிகழ்ச்சி.

டி.எம்.எஸ்ஸும் சுசீலாவும் இன்று எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறார்கள். அவர்களோடு உங்கள் சங்கப் பொருளாளர் போட்டி போட முடியுமா? தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மேடையேறியதும் விழுகிற கைதட்டல் எம்.ஜி.ஆருக்குச் சேர வேண்டியது. நாலு பாட்டு வரை தாங்கியதே பெரிது. ஆனால் அந்தப் பாட்டெல்லாம் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பது எந்தப் போனிலும் கிடைக்காது. அதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. ஜனங்கள் ரேடியோ முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957இல் அகில இந்திய வானொலியே சினிமாப் பாட்டும் போடுகிற விவித் பாரதியைத் தொடங்கிய பிறகும் தென்மாவட்டத்துக்காரர்கள் பலருக்கு சிலோன்தான் ரேடியோ. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளரின் முதல் சொல்லிலேயே ஆளைக் கண்டுபிடித்தவர்கள் உங்கள் குடியிருப்பிலும் இருப்பார்கள். பாட்டை விடுங்கள், அதற்கு முன்னால் வாசிக்கிற நேயர்களின் பெயர்ப் பட்டியலுக்கே காது கொடுத்துக் கிடந்தோம். அந்த அம்மாவிடம் முன் வரிசையில் இருப்பவர்களின் பெயர்களைக் கொடுத்து அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் யார் பஜ்ஜிக்குப் போகிறார்கள் பார்ப்போம்.

எண்பதுகளுக்கு ஒரு கேசட் போதும். வெள்ளைத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுப்போமே, ஞாபகம் இருக்கிறதா? 60 நிமிட கேசட். ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. எங்கள் வீட்டில் பட்டியல் போடுவது அண்ணன். அம்மா கேட்ட ஒரே பாட்டைக் கடைசியில்தான் எழுதுவான். சரணம் பாதியில் நாடா தீர்ந்துவிடும். அம்மா அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அதே இடத்தில் நிறுத்திக்கொள்வார், மிச்சம் தெரியாத மாதிரி. இப்படி ஒரு வீடு, ஒரு பட்டியல், ஒரு சண்டை. மேடையில் பத்து நிமிடம் தாராளமாக ஓடும். பாதியில் நிற்கிற பாட்டை உங்கள் ஆள் சுமாராகப் பாடினால்கூடப் போதும்.

இன்னொன்று. பத்துப் பத்து வருடமாக வெட்டாதீர்கள். 1976இல் இளையராஜாவின் முதல் படம் ‘அன்னக்கிளி’ வந்தது. அதற்கு முன்னும் பின்னும் எழுபதுகள் ஒன்றா? ஊருக்கு ஊரும் மாறும். சென்னையில் தொலைக்காட்சி 1975இலேயே வந்துவிட்டது. தெற்கே பல வீடுகளில் முதலில் தெரிந்தது இலங்கையின் ரூபவாஹினி, அதுவும் மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருவர் “தெரியுது, தெரியுது, விட்றாதே” என்று கத்தினால்தான். உங்கள் மதுரைக்காரர்களுக்கு எது பொருந்தும் என்று அவர்களிடமே கேளுங்கள். 22 பாட்டு எட்டாகக் குறையும். குறையட்டும்.

சரி, டிக்கெட். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் உங்களைப் போன்ற அமெச்சூர் குழுக்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. கட்டணம் வாங்காத கூட்டத்துக்கு முன்னால் பாட்டையோ நாடகத்தையோ நிகழ்த்தினால் அது மீறல் ஆகாது. டிக்கெட் வைத்தால் அந்த நிழல் போய்விடும், உரிமம் வாங்க அலைய வேண்டும். கரோக்கி டிராக் ஓடவிடுவதும் வேறு கணக்கு. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. ஒரு கீபோர்டு, ஒரு தபேலா என்று ஆளை வைத்து வாசிப்பது நல்லது, காதுக்கும்தான். எதற்கும் தெரிந்த வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

செலவுக்குப் பணம் வேண்டும் என்றால், இந்த முறை பஜ்ஜிக் கடையைச் சங்கமே போடட்டும். இடைவேளையில் மட்டும்.