கெமிஸ்ரி இல்லாத மெத்ஸ்

சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் ஐசிரிக்கும் (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) ஏ, விஞ்ஞானத்துக்கு சி. உயர்தரத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், ஐசிரி என்று மகன் முடிவெடுத்துவிட்டார். "கெமிஸ்ரி இல்லாத மெத்ஸ் என்ன மெத்ஸ், கீபோர்ட் தட்டுறதும் ஒரு பாடமோ?" என்று கனடாவில் இருக்கும் பெரியப்பா கேட்டதிலிருந்து உங்களுக்கு நித்திரை இல்லை. பயம் விளங்குகிறது, அம்மா. ஆனால் அவர் சொல்வதில் பாதிதான் சரி.

சரியான பாதியை முதலில் சொல்கிறேன். இரசாயனவியலை விட்டால் பொறியியல் பீடம் இல்லை. இதை மகனும் தெரிந்துகொண்டே கையெழுத்து வைக்கட்டும். ஆனால் இரசாயனவியலின் மூலர் கணக்கைக் கண்டாலே புத்தகத்தை மூடுகிற பிள்ளை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளையை அதற்குள் தள்ளினால் பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கும் மூன்று பாடங்களின் சராசரி இசட் புள்ளியும் இறங்கும். பிறகு பொறியியலும் இல்லை, வேறொன்றும் இல்லை.

மருத்துவம், வணிகம் பற்றிச் சொல்ல ஊரில் ஆட்கள் நிறைய. ஐசிரியைப் பற்றித்தான் ஆள் இல்லை. "லேசான பாடம், புள்ளி அள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் (புள்ளிகள் பரவியிருக்கும் அளவு) மேலே நிற்கிறார் என்பதுதான் இசட். ஒரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் 15 என்று வையுங்கள். 75 எடுத்தவருக்கு இசட் 1. இன்னொன்றில் சராசரி 40, விலகல் 20 என்றால் 60 எடுத்தவருக்கும் அதே 1. லேசான பாடம் எல்லோருக்கும் லேசுதான்.

உயர்தர ஐசிரிக்குச் செய்முறைப் பரீட்சை கிடையாது, எல்லாம் தாளில்தான். முதல் வினாத்தாள் இரண்டு மணித்தியாலம், 50 பல்தேர்வு. இரண்டாவது மூன்று மணித்தியாலம்: அமைப்புக் கட்டுரை நான்கும் கட்டாயம், கட்டுரை ஆறில் நான்கு. கணினியில் பிழை காட்டும், திருத்தலாம். தாளில் யார் காட்டுவது? பைதன் என்ற நிரல் மொழியில் ரேஞ்ச்(1, 5) என்ற லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) 4 உடன் நின்றுவிடும். 5 வரை எழுதுகிறவர்களே அதிகம். இடைவெளி விட்டு உள்ளே தள்ளி எழுதாத வரி லூப்புக்கு வெளியே போய்விடும். 192.168.10.0/24 என்ற கணினி வலையமைப்பை நான்காகப் பிரிக்கச் சொன்னால் /26 (முகவரியின் முதல் 26 பிட் வலையமைப்புக்கு), ஒவ்வொன்றிலும் 64 முகவரி. கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியது 62தான்; வலையமைப்பு முகவரியையும் ஒலிபரப்பு முகவரியையும் கழிக்க மறந்து 64 என்று எழுதிவிடுவார்கள். இன்னொரு பொறி, மொழி: மறை எண்ணை 0, 1 ஆக எழுதும் முறைக்குப் பாடசாலையில் "இரண்டின் நிரப்பி", ரியூசன் கொப்பியில் "டூஸ் கொம்ப்ளிமென்ட்". இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பழகாத தமிழ்மொழிமூலப் பிள்ளை, விடை தெரிந்தும் கேள்வி விளங்காமல் இருப்பார்.

போகிற இடங்கள்: மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழினுட்பம், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியில் தகவல் முறைமைகள், பௌதிக விஞ்ஞானம்–ஐசிரி என்ற கற்கைநெறி. ஒவ்வொன்றும் கேட்கும் பாடச் சேர்க்கையும் குறைந்தபட்சப் பெறுபேறும் வேறு வேறு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டைத் திறந்து மகனே தேடி எழுதட்டும். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் அதே கணினிக் கல்லூரியின் வெளிவாரிப் பட்டமான பிஐடி (தகவல் தொழினுட்ப இளமாணி) இருக்கிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது.

காசு விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். நகை அடகு வைத்து மடிக்கணினி வாங்க வேண்டாம். பழையது ஒன்று போதும். பைதனும், பிஎச்பி–மைஎஸ்கியூஎல் (இணையத்தளமும் தரவுத்தளமும் செய்யும் மொழிகள்) பழகுவதற்கான எக்ஸாம்ப் மென்பொருளும் இலவசம். தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. உயர்தரம் முடியும்வரை தனியார் டிப்ளோமாவுக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள்.

விண்ணப்பம் கொடுக்கும் முன் அதிபரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உயர்தர ஐசிரிக்குத் தமிழ்மொழிமூல ஆசிரியர் இருக்கிறாரா? கணிதப் பிரிவின் நேரசூசியில் அந்தப் பாடம் உண்டா? பெயரளவில் பாடம் இருந்து, நேரசூசியில் இரசாயனவியல் மட்டும் இருந்தால், மகன் ரியூசனை மட்டும் நம்ப வேண்டிவரும். அப்படியென்றால் பாடத்தை மாற்றாதீர்கள், பாடசாலையை மாற்றுங்கள். அதுவும் முதல் தவணைக்குள்.

பெரியப்பாவோடு வாதாட வேண்டாம். கடந்த வருட ஐசிரி இரண்டாம் வினாத்தாளை வட்ஸ்அப்பில் அனுப்பி, அதில் கீபோர்ட் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.