மூக்கில் கிருமி, தையலில் சீழ்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், அப்பாவுக்கு அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். மூக்கில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் மாதிரி) எடுத்து ‘ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்’ என்ற கிருமி இருக்கிறது என்கிறார்கள். அவருக்குச் சளிகூட இல்லையே!

பதில்: பயப்படாதீர்கள், இது நோய் இல்லை. நல்ல ஆரோக்கியமானவர்களிலேயே ஏறக்குறைய நாலில் ஒருவர் மூக்கில் இந்தக் கிருமி குடியிருக்கும். அங்கிருந்து கைக்கும் தோலுக்கும் பரவும். தோலை வெட்டும்போது உள்ளே இறங்கினால்தான் ஆபத்து. செயற்கை மூட்டில் ஒட்டிக்கொண்டால் மருந்து சரியாக எட்டாது. சில சமயம் மூட்டையே கழற்ற வேண்டிவரும். அதனால் முன்பே தெரிந்தது நல்லது. வழக்கமாக முப்பிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பை மூக்கினுள் தினம் இரண்டு வேளை, 5 நாள் தடவச் சொல்வார்கள். கூடவே குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி போட்டுக் குளியல். 2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், கிருமி இருந்தவர்களில் மருந்தில்லாத களிம்பும் சோப்பும் பெற்றவர்களுக்கு 7.7 சதவீதம், மருந்து பெற்றவர்களுக்கு 3.4 சதவீதம்தான் அந்தக் கிருமியால் தொற்று வந்தது.

கேள்வி: முந்தின நாள் வீட்டிலேயே ஷேவ் செய்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பிளேடு போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி பெருகும். முடியை எடுத்தே ஆகவேண்டும் என்றால் மருத்துவமனையில் கிளிப்பரால் (முடி கத்தரிக்கும் கருவி) எடுப்பார்கள்.

கேள்வி: ஆபரேஷனுக்குப் பிறகு 10 நாள் ஆன்டிபயாடிக் போட்டால் தையல் பழுக்காதுதானே?

பதில்: கத்தி வைப்பதற்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் போடும் ஊசிதான் முக்கியம். முடிந்த பிறகும் தடுப்புக்காகத் தொடர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: நான் அறுவைச் சிகிச்சை மருத்துவர். பரிசோதனை எதற்கு? எல்லோருக்கும் களிம்பு கொடுத்தால் செலவு மிச்சமாகுமே.

பதில்: டாக்டர், அதை அமெரிக்காவின் அயோவாவில் செய்தே பார்த்தார்கள், 2002-ல் முடிவு வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் காயத் தொற்று குறையவில்லை. கிருமி இருந்தவர்களிடம் மட்டும் அதனால் வரும் தொற்று ஏறக்குறைய பாதியானது.

கேள்வி: அப்படியானால் கிருமி இருந்தவர்களுக்குப் பயன் கிடைத்ததே! மற்றவர்களுக்கு என்ன நஷ்டம்?

பதில்: நஷ்டம் உண்டு. தேவையில்லாதவர்களுக்கும் பூசிக்கொண்டே போனால் முப்பிரோசினுக்கு அடங்காத கிருமி பெருகும். பிறகு இதய ஆபரேஷனுக்கு வருபவருக்கு எதைத் தடவுவீர்கள்? பரிசோதனைச் செலவைவிட அது பெரிய செலவு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: மேடம், தையல் பிரிக்கும்வரை ஆன்டிபயாடிக் மாத்திரை…

பதில்: மேலே பதில் இருக்கிறது. தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: சர்க்கரை 300 இருக்கிறது, களிம்பு போதுமா?

பதில்: போதாது. முதலில் சர்க்கரை டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: தையல் போட்ட இடம் சிவந்து நீர் கசிகிறது, காய்ச்சலும் இருக்கிறது. என்ன மாத்திரை வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்காதீர்கள். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இன்றே போய்க் காட்டுங்கள்.