மனித ஈரல் கிளைக்கோஜன் பொஸ்போரிலேஸ் வேலை செய்யவில்லை, வழியில் பழுதாகிவிட்டதா?

கேள்வி: கண்டியில் ஒரு சிறிய ஆய்வுகூடம். கொழும்பிலிருந்து உலர்பனியில் வைத்து மறுசேர்க்கை மனித ஈரல் கிளைக்கோஜன் பொஸ்போரிலேஸ் (கிளைக்கோஜனைக் குளுக்கோஸ்-1-பொஸ்பேற்றாக உடைக்கும் நொதியம்) வந்தது. 340 நானோமீற்றரில் அளந்தால் கோடு தட்டையாகவே கிடக்கிறது. தசை நொதியத்தைத் தூண்டும் சிறு மூலக்கூறான ஏஎம்பியும் போட்டுப் பார்த்தாயிற்று. நொதியம் செத்துவிட்டதா?

பதில்: செத்திருக்கலாம். ஆனால் சந்தேகத்தை அங்கிருந்து தொடங்க வேண்டாம். பெட்டியைத் திறந்தபோது உலர்பனி மிச்சம் இருந்ததென்றால், கடுகண்ணாவை ஏற்றத்தில் வாகனம் இரண்டு மணித்தியாலம் நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. குழாயோடு வந்த தாளை எடுத்து, உள்ளே இருப்பது ‘ஏ’ வடிவமா (பொஸ்பேற்று ஏறி விழித்திருப்பது) ‘பி’ வடிவமா (ஏறாமல் தூங்குவது) என்று பாருங்கள்.

ஈ.கோலை பக்ற்றீரியாவில் தயாரித்ததென்றால் பெரும்பாலும் ‘பி’தான். இந்த நொதியத்தை ‘ஏ’ ஆக்க, 14ஆவது செரீனில் (முதல் மெதியோனினையும் எண்ணினால் 15) பொஸ்பேற்று ஏற வேண்டும். அதை ஏற்றும் பொஸ்போரிலேஸ் கைனேஸ் பக்ற்றீரியாவிடம் கிடையாது. தசை வடிவமும் மூளை வடிவமும் ‘பி’யாக இருந்தாலும் ஏஎம்பி கொடுத்தால் எழும்பிவிடும். ஈரல் வடிவம் அப்படியல்ல. 2 மில்லிமோலர் ஏஎம்பி இருந்தாலும் ‘ஏ’யின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. கைக்குக் கிடைக்கும் செய்முறைகளில் அநேகம் முயல் தசை நொதியத்துக்கு எழுதியவை. அவற்றை அப்படியே ஈரலுக்குப் போட்டால் நீங்கள் பார்த்த தட்டைக் கோடுதான் வரும்.

பொஸ்போரிலேஸ் கைனேஸ் வாங்க முடிந்தால், பீஎச் 8 பக்கமாக, 2 மில்லிமோலர் ஏடிபி, 10 மில்லிமோலர் மக்னீசியம், 0.1 மில்லிமோலர் கல்சியம் சேர்த்து 30 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்து, பிறகு உப்பு நீக்கும் சிறு நிரலில் ஏடிபியைக் கழித்துவிடுங்கள். வாங்க முடியாவிட்டால் ‘ஏ’ வடிவமாகவே கேட்டு வாங்குவது மலிவு.

அதற்கு முன், இணைப்பு நொதியங்கள் (பொஸ்போரிலேஸ் தரும் குளுக்கோஸ்-1-பொஸ்பேற்றை மாற்றி, என்ஏடிபியை 340இல் தெரியும் என்ஏடிபிஎச் ஆக்கும் இரண்டு நொதியங்கள்) உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. 1 மி.லீ. குவளைக்கு இப்படிக் கலக்கலாம்: பீஎச் 6.8 பொற்றாசியம் பொஸ்பேற்று 50 மில்லிமோலர், கிளைக்கோஜன் 2 மி.கி., மக்னீசியம் குளோரைட்டு 5 மில்லிமோலர், என்ஏடிபி 0.5 மில்லிமோலர், டிடிடி 1 மில்லிமோலர், குளுக்கோஸ்-1,6-பிஸ்பொஸ்பேற்று 10 மைக்ரோமோலர், பொஸ்போகுளுக்கோமியூற்றேஸ் 1 அலகு, குளுக்கோஸ்-6-பொஸ்பேற்று டீஹைட்ரஜனேஸ் 2 அலகு. பொஸ்போரிலேஸ் போடாமல், குளுக்கோஸ்-1-பொஸ்பேற்று சிறிதளவு மட்டும் விடுங்கள். கோடு உடனே ஏற வேண்டும். ஏறாவிட்டால் பிழை உங்கள் ஈரல் நொதியத்தில் இல்லை. அந்த 1,6-பிஸ்பொஸ்பேற்றை விலை பார்த்து விட்டுவிடுபவர்கள் உண்டு. அது இல்லாமல் மியூற்றேஸ் இழுத்து இழுத்துத்தான் ஓடும்.

இணைப்பு நொதியங்கள் அமோனியம் சல்பேற்றுத் தொங்கலாக வந்திருந்தால் சுழற்றி, மேல்நீரை அகற்றி, பஃபரில் கரைத்துப் பாவியுங்கள். சல்பேற்று ஈரல் ‘பி’யை ஊக்கும். அகற்றாமல் விட்டால் ‘பி’யை ‘ஏ’ என்று நம்பிவிடுவீர்கள்.

கிளைக்கோஜனும் சுத்தமானதாக இருக்க வேண்டும். கடையில் வரும் கிளைக்கோஜனில் ஏஎம்பி ஒட்டியிருக்கும். தூண்டிய கரியோடு கலக்கி வடித்தால் போய்விடும். கரைசல் பால் போல மங்கலாக இருப்பது இயல்பு. அந்த மங்கல் 340இல் ஒரு தொடக்க வாசிப்பைக் காட்டும். அதைப் பார்த்துப் பயப்படாமல், நிமிடத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டும் எடுங்கள்.

கணக்கு எளிது. முதல் இரண்டு நிமிடத் தயக்கத்தை விட்டுவிட்டு நேர்க்கோட்டுப் பகுதியை எடுங்கள். நிமிடத்துக்கு 0.062 ஏறினால், 6.22ஆல் (1 மில்லிமோலர் என்ஏடிபிஎச் 340இல் காட்டும் உறிஞ்சல்) வகுக்க 0.01 அலகு (நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் என்பது ஓர் அலகு). குவளையில் 1 மைக்ரோகிராம் நொதியம் போட்டிருந்தால் மி.கி.க்கு 10 அலகு. நொதியத்தை இரட்டித்துப் பாருங்கள். வேகமும் இரட்டிக்காவிட்டால் இணைப்பு நொதியம் போதவில்லை. கிளைக்கோஜன் இல்லாத ஒரு வெற்றுக் குவளையும் கட்டாயம் வேண்டும்.

நம் மலைநாட்டில் இன்னொரு வில்லங்கம். பனியில் இருந்த குவளையை எடுத்து அப்படியே கருவியில் வைத்தால், ஈரக் காற்று வெளிச்சுவரில் வியர்த்து வாசிப்பு தானாக ஏறும். அதை நொதியச் செயற்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். கலவையை 30 பாகைக்குக் கொண்டுவந்து, குவளையைத் துடைத்து, நொதியத்தைக் கடைசியில் விடுங்கள். நுவரெலியா ஆய்வுமேசையின் ‘அறை வெப்பநிலை’யும் கண்டியினதும் ஒன்றல்ல. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தாமல் எடுத்த இரண்டு எண்களை ஒப்பிட முடியாது.

340 வாசிக்காத பழைய நிறமானி மட்டும் இருந்தால், குளுக்கோஸ்-1-பொஸ்பேற்றிலிருந்து பின்திசையில் (கிளைக்கோஜன் நீளும் திசையில்) ஓட்டி, வெளியாகும் பொஸ்பேற்றை 1925இல் வந்த ஃபிஸ்க்–சுப்பாராவ் மொலிப்டேற்று முறையில் அளக்கலாம். குளுக்கோஸ்-1-பொஸ்பேற்று அமிலத்தில் மெல்ல மெல்ல உடையும். அதனால் எல்லாக் குழாய்களையும் ஒரே நிமிடக் கணக்கில் வாசிக்க வேண்டும். அதன் செறிவைச் சரிபார்க்க, 1 நோர்மல் அமிலத்தில் 100 பாகையில் 7 நிமிடம் வைத்து முழுதும் உடைக்கும்படி செய்முறையில் இருக்கும். நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிப்பதால் 7 நிமிடம் போதாது. மூடி இறுக்கிய குழாயை உலர் சூடேற்றியில் வையுங்கள். சலவைத்தூளில் கழுவிய கண்ணாடி பொஸ்பேற்றைப் பிடித்து வைத்திருக்கும், அமிலத்தால் அலசிவிடுங்கள்.

சேமிப்பில், வந்த அன்றே 10 மைக்ரோலீற்றராகப் பிரித்து −80இல் போடுங்கள். அடிக்கடி மின்சாரம் போகும் இடமென்றால் பாதிக்குப் பாதி கிளிசரோலில் −20இல் வைப்பதும் நல்லது, அங்கே அது உறையாது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் தானே பனி உருக்கும் அறை மட்டும் ஆகவே ஆகாது. கிளிசரோல் பிசுபிசுப்பானது என்பதால் குழாயியின் நுனியை ஆழமாக அமிழ்த்தாமல், மெதுவாக இழுத்து, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு விடுங்கள். ஐதாக்கும்போது மி.லீ.க்கு 1 மி.கி. மாட்டு அல்புமின் உள்ள பஃபரையே பாவியுங்கள். இல்லாவிட்டால் நொதியத்தில் பாதி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.