ஓரமாகப் போய்க்கொண்டே இரண்டு வார்த்தை

கேள்வி: அண்ணாச்சி, ஆலங்குளத்திலிருந்து தினமும் பைக்கில் திருநெல்வேலிக்கு வேலைக்கு வந்து போகிறேன். ஹெல்மெட் இல்லாமல் வண்டியை எடுப்பதில்லை. 40-க்கு மேல் போவதும் இல்லை. வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும் ஓரமாகப் போய்க்கொண்டே இரண்டு வார்த்தை பேசுவேன். மற்றவர்கள் அப்படியா? போனை நோண்டிக்கொண்டே மேலே ஏற்ற வருகிறார்கள். நான் ஒழுங்காக ஓட்டி என்ன பிரயோசனம்? இவர்களிடமிருந்து தப்பிக்க வழி சொல்லுங்கள்.
(ஒரு வாசகர், ஆலங்குளம்)

பதில்: சொல்கிறேன் தம்பி. அதற்கு முன்னால் அந்த ‘இரண்டு வார்த்தை’க்கு ஒரு கணக்கு. 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். ‘எங்க வாரீய?’ ‘சீதபற்பநல்லூர் தாண்டிட்டேன்.’ ‘வரும்போது அரைக்கிலோ தக்காளி வாங்கிட்டு வாங்க.’ ‘சரி சரி, வையி.’ எப்படிச் சுருக்கினாலும் பத்து நொடி. 110 மீட்டர் தூரத்தை ஒற்றைக் கையால், தக்காளி நினைப்போடு கடந்திருக்கிறீர். சுற்றிய பீடிக் கட்டுகளைக் கடையில் கொடுத்துவிட்டு ரோட்டோரமாகத் திரும்பிக்கொண்டிருந்த அம்மாவுக்கு, ‘போனை நோண்டிக்கொண்டு மேலே ஏற்ற வருகிறவன்’ நீர்தான்.

சட்டமும் ஓரம், நடு என்று பார்ப்பதில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில், போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதும் அபாயகரமாக ஓட்டுவதில் சேர்த்தி. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை உள்ளேயும் வைக்கலாம். ‘புளூடூத்தில் பேசலாமா?’ என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். கை சும்மா இருந்தாலும் புத்தி தக்காளியிடம்தான் இருக்கும்.

சரி, மற்றவர்களுக்கு வருவோம். வண்டியைப் பார்க்காமல், ஓட்டுகிறவரின் தலையைப் பாரும். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக் கழுத்தைச் சாய்த்து வருகிறவரைத் தூரத்திலேயே தெரியும். இரவில் காருக்குள் தாடைக்குக் கீழே நீல வெளிச்சம் அடித்தால் அவரும் அதே ஜாதி. முன்னால் போகிற கார் காரணமில்லாமல் வேகம் குறைந்து, மெல்ல நடுக்கோட்டுக்கு ஒதுங்கி, திடீரென்று வெடுக்கென உள்ளே வருகிறதா? முந்த வேண்டாம், பின்தங்கி விடும். அதே ஆள் பின்னால் வந்தால் இடது பக்கம் ஒதுங்கி வழிவிடும். அவரைத் திருத்துவது உம் வேலை இல்லை.

‘கண்ணைப் பார்த்துவிட்டுக் கடக்க வேண்டும்’ என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். வண்ணார்பேட்டையில் ஒருநாள் ரோட்டைக் கடக்க நின்றேன். ஒரு லோடு ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார். ‘போங்க’ என்கிறார் என்று காலை எடுத்து வைத்தேன். வேட்டி நுனியை உரசிக்கொண்டு போனது வண்டி. அவர் தலையாட்டியது காதில் செருகிய ஒயரின் மறுமுனையில் இருந்த ஆளுக்கு! அன்றிலிருந்து கண்ணோடு முன்சக்கரத்தையும் பார்க்கிறேன். அது நிற்கிறவரை என் காலும் நிற்கும். ஊர் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் ஏறுகிற வண்டிகளிடம் நீரும் இதையே செய்யும். ஹாரனை மட்டும் நம்ப வேண்டாம், ஒயர் மாட்டியவருக்கு அது கேட்காது.

சிக்னலில் வரிசையின் கடைசி ஆளாக நிற்கும்போது கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே இரும். வண்டி கியரில் இருக்கட்டும், பிரேக் விளக்கு எரியட்டும். பின்னால் வருகிறவர் நின்றபிறகு நியூட்ரல் போடலாம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக்குகளில் முன்விளக்கு தானாகவே எரியும். உம்முடையது பழைய வண்டியானால் பகலிலும் போட்டு ஓட்டும். யாராவது ‘லைட் எரியுது’ என்று சைகை காட்டினால் சிரித்துவிட்டுப் போம், அவர் உம்மைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

இதற்கிடையில் ஒன்று, திருச்செந்தூருக்குப் பச்சை உடுத்தி நடக்கிற அன்பர்களுக்கு. முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டுவது நல்லதுதான். ஆனால் கூட்டம் கூட்டமாக ரோட்டின் இடது ஓரமாக, வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறீர்கள். வலது ஓரமாக நடந்தால் எதிரே வருகிறவர் குனிந்திருக்கிறாரா, நிமிர்ந்திருக்கிறாரா என்பதாவது தெரியும், ஒதுங்க இரண்டு நொடி கிடைக்கும்.

ஆலங்குளத்துக்காரரே, ஓட்டுகிறவர் கையில் போன் இருந்தால் மறுமுனையிலும் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் நம் வீட்டு ஆள்தான். அதனால் இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடும்: ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறேகால், ஆறரைக்கு வருவேன், நடுவில் போனை எடுக்க மாட்டேன். தக்காளி வேண்டுமென்றால் ஐந்தரைக்கு முன்னாலேயே சொல்லச் சொல்லும்.