பிளஸ் ஒன்னில் உடற்கல்வி எடுக்கலாமா?

கேள்வி: என் மகள் கோத்தகிரியில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பத்தாவது முடித்திருக்கிறாள். பிளஸ் ஒன்னில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலத்தோடு ஐந்தாவதாக உடற்கல்வி எடுக்கிறேன் என்கிறாள். 'விளையாடுவதற்கும் ஒரு பாடமா?' என்கிறார் அவள் அப்பா. இத்தனைக்கும் அவள் எந்த டீமிலும் இல்லை. என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், கோத்தகிரி

பதில்: தாராளமாக எடுக்கட்டும் அம்மா. குன்னூர்ப் பக்கம் இந்தப் பாடத்தைப் பல வருடம் நடத்தியவள் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

அவள் அப்பா மனதில் இருப்பது பழைய பி.டி. பீரியடு. மழை பிடித்தால் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வாரே, அது. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் உடற்கல்வி என்றால் 70 மார்க் எழுத்துத் தேர்வு, 30 மார்க் செய்முறை. உடலியக்கவியல், ஊட்டச்சத்து, காயங்கள், மனவியல், பயிற்சி முறைகள் எல்லாம் உண்டு. போட்டி நடத்தும் கணக்கும் வரும். நாக்-அவுட்டில் 11 அணிகள் என்றால் எத்தனை ஆட்டம், எத்தனை அணிக்கு 'பை', அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு? 10 ஆட்டம், 5 பை. பிள்ளைகள் காகிதத்தில் கோடு போட்டுப் போட்டுத்தான் இதைப் பிடிப்பார்கள்.

டீமில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். செய்முறையில் விளையாட்டுத் திறமைக்கு 7 மார்க்தான். யோகாவுக்கு 7, உடல்தகுதிச் சோதனைக்கு 6, மீதி ரெக்கார்டு நோட்டுக்கும் வைவாவுக்கும். உடல்தகுதிச் சோதனையில் வரும் 600 மீட்டர் ஓட்டத்தை இப்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டால் போதும்.

நம் மலைப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டி கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம், சுமார் 2,240 மீட்டர். காற்று அடர்த்தி குறைவு என்பதால் குறுகிய ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் அங்கே சாதகம். பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டி உலகையே வாய்பிளக்க வைத்தார். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு அல்லவா? நீண்ட தூர ஓட்டத்தில் அது பழிவாங்கிவிட்டது. 10,000 மீட்டரில் உலக சாதனையாளரான ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். தங்கம் வென்றவர் கென்யாவின் நஃப்தாலி டெமு. மேட்டுப்பாளையத்திலிருந்து மாமா வந்தால் மேடு ஏறும்போது ஏன் மூச்சு வாங்குகிறது, உனக்கு ஏன் வாங்கவில்லை என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து இருவர் நாடியையும் ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். வகுப்பில் இதையெல்லாம் சொல்லும்போது பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், அதற்காகவே இந்தப் பாடத்தை விடாமல் நடத்தினேன்.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். இந்த குரூப்பில் கணக்கு இல்லை, அதனால் இன்ஜினீயரிங் ஆசை பின்னால் வந்தால் சிரமம். நீட் எழுதத் தடையில்லை. உடற்கல்வியிலேயே போக நினைத்தால் டிகிரி முடித்து உடற்கல்வி ஆசிரியருக்கான 2 வருட பி.பி.எட். படிப்பில் சேரலாம். 1920-இல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியும், மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன.

'மார்க் சுலபமாக வரும்' என்று தோழிகள் சொன்னதால் கேட்கிறாள் என்றால் மட்டும் யோசியுங்கள். புத்தகத்தைத் திறக்காமல் இருந்துவிட்டு, பிளஸ் டூ தேர்வில் உடலியக்கவியலில் வரும் நெம்புகோல் கேள்வியைப் பார்த்து விழித்த பிள்ளைகள் உண்டு.

அப்புறம், ஃபாரம் நிரப்பும் முன் பள்ளியில் ஒன்று கேளுங்கள்: இந்தப் பாடத்தை வகுப்பறையில் உட்கார்ந்து நடத்த எம்.பி.எட். (உடற்கல்வியில் முதுகலைப் பட்டம்) முடித்த ஆசிரியர் இருக்கிறாரா? வாரத்தில் எத்தனை தியரி பீரியடு? டைம்டேபிளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.