கைவண்டிக்குப் பக்கத்தில் நின்ற தம்பதி

கேள்வி: டென்வரில் இருக்கும் மகளைப் பார்க்க நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். யெல்லோஸ்டோன் போகிற வழியில், வயோமிங் மாநிலத்தில் காஸ்பர் ஊரைத் தாண்டி, மார்ட்டின்ஸ் கோவ் என்ற இடத்தில் இறங்கினோம். சட்டையில் பேட்ஜ் குத்திய, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பதி தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, ஒரு மரக் கைவண்டியைக் காட்டி முக்கால் மணி நேரம் கதை சொன்னார்கள். சொல்லும்போதே அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பளம் கிடையாதாம், சொந்தச் செலவில் ஒன்றரை வருஷம் தங்க வந்திருக்கிறார்களாம். யார் இவர்கள்? மதம் மாற்ற வந்தவர்களா? ரிட்டயர் ஆன எங்களைப் போன்றவர்கள் இங்கே இப்படி ஏதாவது செய்ய முடியுமா? (என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி பினாங்கு போனவர். அவர் தகரப் பெட்டி இன்னும் எங்கள் பரணில் கிடக்கிறது.)
- ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: கடைசியில் அடைப்புக்குள் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு அப்புறம் வருகிறேன் அம்மா.

நீங்கள் பார்த்தவர்கள் மார்மன் சபைக்காரர்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப் பெயர். ஜோசப் ஸ்மித் என்பவர் 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. 1844-ல் இல்லினாயில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றது. இரண்டு வருஷம் கழித்து, பிப்ரவரிக் குளிரில், நாவூ என்ற தங்கள் ஊரையே விட்டுவிட்டு அந்த ஜனங்கள் மேற்கே கிளம்பினார்கள். பிரிகாம் யங் தலைமையில் முதல் குழு சால்ட் லேக் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது 1847 ஜூலையில். 1869-ல் ரயில் பாதை வந்து சேரும்வரை சுமார் 70,000 பேர் அந்த வழியில் போனதாகக் கணக்கு.

மாட்டு வண்டிக்கு வசதியில்லாத ஏழைகளுக்காக 1856-ல் வந்ததுதான் கைவண்டி. ஆளுக்கு 17 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோவுக்கும் குறைவான துணிமணியும் படுக்கையும்தான் அனுமதி. அந்த வருஷம் வில்லி, மார்ட்டின் என்ற இரண்டு தலைவர்களின் குழுக்கள் ரொம்பத் தாமதமாகக் கிளம்பின. நம் பக்கத்து வண்டிப் பட்டறையில் எந்த ஆசாரியைக் கேட்டாலும், பச்சை மரத்தில் சக்கரம் செய்யக்கூடாது என்பார். மரத்தை நிழலில் போட்டு நீர் வற்றக் காயவிட்டுத்தான் குடம், ஆரக்கால், வட்டை எல்லாம். அயோவா சிட்டியில் அவசர அவசரமாகச் செய்த அந்த வண்டிகளுக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்கவில்லை. சமவெளியின் வறண்ட காற்றில் மரம் சுருங்கிச் சக்கரம் ஆட, வழியெல்லாம் நின்று நின்று கட்டிக்கொண்டு, வண்டி மை இல்லாமல் சாப்பிட வைத்திருந்த பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் அச்சில் தடவிக்கொண்டு நடந்தார்கள். அக்டோபர் 19-ல் வயோமிங்கில் பனி பிடித்துக்கொண்டது. இரண்டு குழுவிலும் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் பேர், அதில் இருநூறுக்கும் மேல் இறந்துபோனார்கள். சால்ட் லேக்கிலிருந்து மீட்பு வண்டிகள் வராமல் இருந்திருந்தால் மிச்சப் பேரும் பிழைத்திருக்க மாட்டார்கள். மார்ட்டின் குழு குளிருக்கு ஒதுங்கிய மலை மடிப்புதான் நீங்கள் நின்ற இடம்.

இறந்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, டென்மார்க்கிலிருந்து கப்பலேறிய சாதாரணக் குடும்பங்கள். நம் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயரிடம் விற்றது 1845-ல், அதற்குப் பதினோரு வருஷம் கழித்து அதே தேசத்து ஏழைகள் அங்கே பனியில் நடந்துகொண்டிருந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனசு என்னவோ செய்கிறது.

சரி, அந்தத் தம்பதி. அந்தச் சபையில் இளைஞர்கள் இரண்டு வருஷம் ஊழியத்துக்குப் போவது வழக்கம். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு வயதானவர்களும் ஜோடியாகப் போகலாம், ஆறு மாதத்திலிருந்து 23 மாதம் வரை. வாடகை, சாப்பாடு எல்லாம் அவர்கள் கையிலிருந்துதான். சிலருக்கு ஆஸ்பத்திரி வேலை, சிலருக்கு ஆபீஸ் வேலை, சிலருக்கு இப்படிப் பழைய இடங்களில் வருகிறவர்களை வரவேற்றுக் கதை சொல்லும் வேலை. மதம் இல்லாத காரியம் என்று சொல்ல மாட்டேன். தங்கள் விசுவாசத்தைச் சொல்லத்தான் அங்கே நிற்கிறார்கள், கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். ஆனால் இளைஞர்களைப் போல வீடு வீடாகக் கதவு தட்டுவது அவர்கள் வேலை இல்லை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சபை செழித்த கதையைச் சொல்ல எத்தனையோ இடம் இருக்க, தங்கள் ஆட்கள் தப்புக் கணக்குப் போட்டு இத்தனை உயிர் போன இடத்திலும் வந்து நின்று, அதையும் மறைக்காமல் சொல்கிறார்கள். அந்த அம்மா அழுதது நடிப்பாக இருக்காது. தினமும் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அது சொந்த வீட்டுச் சாவாக ஆகிவிடும்.

இப்போது உங்கள் தாத்தா. போன தை மாதம் நாகப்பட்டினம் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில், சுண்டல் விற்ற பையனிடம், இங்கிருந்து பினாங்குக்குக் கப்பல் போனது தெரியுமா தம்பி என்று கேட்டேன். தெரியாது சார் என்றான். அவனைச் சொல்லி என்ன பயன்? கங்காணி பேச்சை நம்பி, கடனுக்கும் பஞ்சத்துக்கும் பயந்து, தஞ்சை ஜில்லாவிலிருந்து எத்தனை ஆயிரம் பேர் அந்தக் கரையிலிருந்து மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள்! தொழிலாளர்களை அப்படி அனுப்புவதை 1938-ல் அரசு நிறுத்தியது. அங்கேயே தங்கிவிட்டவர்களில் ஏராளமானவர்களை ஜப்பான்காரர்கள் சயாம் - பர்மா ரயில் பாதை வேலைக்கு இழுத்துப்போய், திரும்பாதவர்கள் கணக்கு இன்றுவரை சரியாகக் கிடையாது. அந்தக் கரையில் நின்று இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், பென்ஷன் வருகிறது, திருத்துறைப்பூண்டியிலிருந்து நாகைக்கு பஸ் இருக்கிறது. சபையோ சங்கமோ பேட்ஜோ எதற்கும் காத்திருக்க வேண்டாம். முதலில் உங்கள் தெருவில் மலாயா போன வீடுகளுக்குப் போய், இருக்கிற வயதானவர்களைப் பேசவிட்டு செல்போனில் பதிவு செய்யுங்கள், பழைய கடிதம், பாஸ்போர்ட், போட்டோ எது இருந்தாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து குடும்பத்தின் கதை கையில் சேர்ந்ததும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லலாம், ஆசிரியர்கள் நிச்சயம் ஒத்துழைப்பார்கள்.

அதற்கு முன்னால் அந்தத் தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். மூடியின் உள்பக்கம் பெயரோ ஊரோ பெயிண்டில் எழுதியிருக்கிறதா, ஓரத்தில் கப்பல் சீட்டு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.