வயல்ல வர்ற வட்டம் யாரு போட்டது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல இங்கிலாந்து கோதுமை வயல்ல வர்ற க்ராப் சர்க்கிள் படம் ஒண்ணு போட்டிருந்தோம், அதாவது ராத்திரியோட ராத்திரியா பயிர் வட்ட வட்டமா படுத்து கெடக்கறது, வேற்றுகிரகத்துக்காரங்க வேலைன்னு நிறைய பேரு நம்பறது. கீழ "மனுஷங்க கைவேலை"ன்னு ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் நிறைய, பாதி கோவம், பாதி ஆர்வம். அதனால இந்த தடவை பகுதி முழுக்க அதுதான்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): ரெண்டு வயசானவங்க வந்து "நாங்கதான் போட்டோம்"னு சொன்னாங்களாம், அத வெச்சு மொத்த விஷயத்தையும் மூடிட்டாங்க. யாரு வேணா என்ன வேணா சொல்லலாமே சார், அது எப்படி ஆதாரமாகும்?

அவங்க சொன்னதுக்காக நம்பல ஐயா, செஞ்சு காட்டினதுக்காகத்தான் நம்பறோம். முதல்லேர்ந்து சொல்றேன். டக் பவர், டேவ் சோர்லின்னு ரெண்டு பேரு, இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்காரங்க, டக்குக்கு படங்களுக்கு ஃப்ரேம் போடற கடை, ரெண்டு பேருக்கும் படம் வரையறதுல ரொம்ப ஆசை. 1970கள்ல ஒரு கோடை ராத்திரி வின்செஸ்டர் பக்கத்துல ஒரு பப்ல பேசிட்டு இருந்தப்ப டக்குக்கு ஆஸ்திரேலியா ஞாபகம் வந்திருக்கு, அவர் சில வருஷம் அங்க வாழ்ந்தவரு. 1966 ஜனவரில குயின்ஸ்லாந்துல டல்லிங்கற ஊர் பக்கம் ஒரு சதுப்பு நிலத்துல நாணல் எல்லாம் வட்டமா சுழிச்சு படுத்திருந்துச்சு, அங்கேருந்து தட்டு மாதிரி ஒண்ணு மேல கெளம்பிப் போனத பாத்தேன்னு ஒரு வாழை விவசாயி சொன்னாரு, அது பேப்பர்ல பெருசா வந்துச்சு. நம்ம கோதுமைல இப்படி ஒண்ணு போட்டா ஜனங்க என்ன நெனப்பாங்கன்னு டக் கேட்டதுதான் ஆரம்பம்.

கடைக் கதவுக்குப் போடற இரும்புத் தடி ஒண்ண வெச்சு தவழ்ந்து தவழ்ந்து மொத வட்டம் போட்டாங்க, முட்டி தேஞ்சு போச்சு. அப்புறம் நாலடிப் பலகைல ரெண்டு பக்கமும் கயிறு கட்டி, கயித்த கைல புடிச்சு பலகைய கால்ல மிதிச்சுகிட்டே போறதுன்னு மாத்திகிட்டாங்க, நேர்கோடு புடிக்க தொப்பி முன்னாடி ஒரு கம்பி வளையம். வருஷக்கணக்கா யாரும் கண்டுக்கவே இல்ல. அதனால ரோட்டுலேர்ந்து பாத்தாலே தெரியற பள்ளமான இடமா பாத்து, சீஸ்ஃபுட் ஹெட்ங்கற எடத்துல 1981ல போட்டாங்க, அப்பதான் பேப்பர்ல வந்துச்சு. ராத்திரி ராத்திரி கார் எடுத்துட்டு போறாரு, மீட்டர்ல மைல் ஏறிகிட்டே போகுதுன்னு டக்கோட மனைவிக்கு வேற சந்தேகமே வந்துருச்சு, அவங்களுக்குதான் மொதல்ல உண்மைய சொல்ல வேண்டி வந்துச்சு.

இப்ப நீங்க கேட்ட ஆதாரத்துக்கு வரேன். 1991 செப்டம்பர்ல டுடேங்கற பத்திரிகைகிட்ட ரெண்டு பேரும் எல்லாத்தையும் சொன்னாங்க, பத்திரிகையும் வாய்வார்த்தைய நம்பல, கென்ட் மாவட்டத்துல ஒரு வயல்ல போட்டுக் காட்ட சொல்லுச்சு. போட்டாங்க. அப்புறம் விஷயத்த சொல்லாம பேட் டெல்காடோவ கூட்டிட்டு வந்து காட்டினாங்க. டெல்காடோ ஓய்வு பெற்ற இஞ்சினியர், இந்தத் துறைல அன்னிக்கு இருந்த ரெண்டு பெரிய ஆள்ல ஒருத்தர், கொலின் ஆண்ட்ரூஸோட சேந்து 1989ல புத்தகமே போட்டவரு. அவர் சுத்தி வந்து பாத்துட்டு இத மனுஷன் செஞ்சிருக்கவே முடியாதுன்னு சொன்னாரு. உண்மைய சொன்னதும் ஏமாந்துட்டேன்னு ஒத்துகிட்டாரு, அந்த நேர்மைக்காக எனக்கு அவர் மேல மரியாதை உண்டு.

இது மொத தடவையும் இல்ல. அதுக்கு முந்தின வருஷம், 1990 ஜூலைல, வில்ட்ஷயர் மாவட்டத்துல பிராட்டன் பக்கத்துல ஒரு மலை மேல பிபிசியும் ஜப்பான் டிவியும் கேமரா எல்லாம் வெச்சு ராத்திரி முழுக்க காவல் இருந்தாங்க, ஆபரேஷன் பிளாக்பேர்டுன்னு பேரு. விடிஞ்சா கீழ வயல்ல வட்டங்கள், ஆண்ட்ரூஸ் கேமரா முன்னாடி முக்கியமான சம்பவம் நடந்திருக்குன்னு சொல்லிட்டாரு, கிட்ட போய் பாத்தா ஒவ்வொரு வட்டத்துக்கு நடுவுலயும் ஒரு ஜோசிய விளையாட்டு அட்டையும் மரச் சிலுவையும், அதாவது யாரோ கிண்டலுக்குப் போட்டது.

நான் திரும்பத் திரும்ப சொல்ற விஷயம் இதுதான்: உண்மையான வட்டம் எது, போலி எதுன்னு பிரிக்க ஒரு அளவுகோல் இருக்குன்னு சொன்னவங்க, அந்த அளவுகோல சோதிச்ச ரெண்டு பெரிய தடவையும் தோத்துட்டாங்க.

கேள்வி (கோயம்புத்தூர், கல்லூரி மாணவி): அவங்க போட்டது சாதா வட்டம்தானே. 2001ல வில்ட்ஷயர்ல மில்க் ஹில்ங்கற எடத்துல வந்தது 409 வட்டம், அதுவும் ஒரே ராத்திரில! அத எப்படி பலகையும் கயிறும் வெச்சு போடுவாங்க?

நல்ல கேள்விம்மா, படத்த பாத்தா எனக்கும் மூச்சே நின்னுடும், கிட்டத்தட்ட 240 மீட்டர் அகலம், நடுவுலேர்ந்து ஆறு கை சுழண்டு வெளிய வருது. ஆனா 409ங்கற நம்பர கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க, நடுவட்டம் ஒண்ண கழிச்சா 408, ஆறு கைக்கும் பிரிச்சா ஒரு கைக்கு 68. அதாவது கணக்குப் போட வேண்டியது ஒரு கைக்குதான், அதையே அறுவது அறுவது டிகிரி திருப்பி ஆறு தடவை போடணும். 68லயும் நிறைய ரொம்ப சின்னது, ஓரத்துல இருக்கறது எல்லாம் ஒரு ஆளு நின்ன எடத்துலேயே சுத்தி மிதிச்சா வர்ற அளவு. ஆகஸ்ட் நடுவுல அங்க சூரியன் மறைஞ்சு மறுபடி உதிக்க ஒன்பது மணி நேரத்துக்கு மேல இருக்கு, பழகின குழு பத்து பேருன்னு வெச்சுகிட்டா ஆளுக்கு நாப்பது வட்டம்.

கால் தடம் ஏன் இல்லன்னும் கேட்டிருக்கீங்க. அங்க வயல்கள்ல மருந்தடிக்க டிராக்டர் போறதுக்குன்னு நீள நீளமா சக்கரத்தடம் விட்டிருப்பாங்க, ஏரியல் ஃபோட்டோ எதுல பாத்தாலும் ரெட்டைக் கோடா தெரியும், அது வழியா உள்ள போய் அது வழியாவே வெளிய வந்தா ஒரு கதிர் கூட சாயாது. உள்ள போனதும் நடுவுல ஒரு ஆள் டேப்போட நிப்பாரு, இன்னொருத்தர் மறுமுனைய புடிச்சுகிட்டு சுத்தி ஓரம் மட்டும் மிதிச்சு வருவாரு, மத்தவங்க பலகையோட உள்ள நிரப்புவாங்க. வரைபடம் முன்னாடியே பேப்பர்ல தயாரா இருக்கும்.

இத தொழிலாவே செஞ்ச குழுவும் இருக்கு, ஜான் லண்ட்பெர்க், ராட் டிக்கின்சன் மாதிரி ஓவியர்கள் கம்பெனி விளம்பரத்துக்குக் கூட வயல்ல போட்டுக் குடுத்திருக்காங்க. 2013 டிசம்பர் கடைசில கலிஃபோர்னியால சுவலார்ங்கற ஊர்ல பார்லி வயல்ல ஒண்ணு வந்து டிவி முழுக்க வேற்றுகிரகம்னு பேச்சு, அதுல பிரெய்ல் எழுத்துல 192ன்னு இருந்துச்சு, ஒரு வாரத்துல என்விடியா கம்பெனி மேடைல ஏறி அது எங்க புது சிப்புக்கு நாங்க குடுத்த விளம்பரம்னு சொல்லிட்டாங்க, அந்த சிப்ல 192 கோர், அதாவது கணக்குப் போடற பகுதி.

மனுஷங்களால முடியாதுன்னு சொல்லும்போது நாம அந்த இருட்டுல கொசுக்கடில வரைஞ்ச ஆளுங்களோட திறமைய அவங்ககிட்டேருந்து புடுங்கி வேற யாருக்கோ குடுக்கறோம், அதுதான் எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு.

கேள்வி (தஞ்சாவூர், விவசாயி): அறுப்பு நேரத்துல மழையும் காத்தும் அடிச்சா நெல்லு படுத்துரும், அதுல சில நேரம் சுழி மாதிரியே இருக்கும். இதுவும் காத்தோட வேலையா இருக்கக் கூடாதா?

இந்த சந்தேகத்த விஞ்ஞானிகளே பட்டிருக்காங்க அண்ணே. 1880லயே இங்கிலாந்துல கேப்ரன்னு ஒருத்தர், புயல் அடிச்ச பிறகு கோதுமை வயல்ல வட்ட வட்டமா படுத்திருந்துச்சு, இது காத்து வேலையாத்தான் இருக்கும்னு நேச்சர் பத்திரிகைக்கு கடிதம் எழுதியிருக்காரு. அது நீங்க பாக்கற மாதிரி சாய்ஞ்ச பயிர்தான்னு நான் நெனைக்கறேன். யூரியா ஜாஸ்தியாகி தண்டு நீண்டு மெலிஞ்ச எடம்தான் மொதல்ல படுக்கும், அதனால ஓரம் பிசிறு பிசிறா இருக்கும், ஒரு அளவு இருக்காது.

1980கள்ல டெரன்ஸ் மீடன்னு ஒரு வானிலை ஆராய்ச்சியாளர் இத பெரிய கொள்கையாவே வளத்தாரு. வில்ட்ஷயர் மலைச்சரிவ தாண்டி வர்ற காத்து சுழண்டு, மின்னேற்றம் ஆகி, கீழ இறங்கி பயிர படுக்க வைக்குதுன்னு. கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. ஆனா டக்கும் டேவும் அத பேப்பர்ல படிச்சுட்டு, காத்தால போடவே முடியாததா போடுவோம்னு நேர்கோடு, கட்டம்னு சேத்துகிட்டாங்க, 1990ல ஆல்ட்டன் பார்ன்ஸ் வயல்ல சாவி மாதிரி கொக்கி எல்லாம் வெச்சு நீளமா ஒண்ணு வந்தப்ப சுழல்காத்து கொள்கைக்கு நிக்க எடமே இல்லாம போச்சு. காத்து மாறல, வரையறவங்கதான் மாறினாங்க, டிசைன் வருஷா வருஷம் ஏன் சிக்கலாச்சுன்னா காரணம் அதுதான்.

கேள்வி (சென்னை, ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை): அமெரிக்க ஆராய்ச்சியாளர் லெவன்குட், வட்டத்துல படுத்த செடிகள லேப்ல பாத்து கணு நீண்டிருக்கு, சிலதுல வெடிச்சிருக்குன்னு முறையான ஆய்விதழ்லயே எழுதினாரே. அத ஏன் யாரும் பேசறதில்ல?

பேசணும் மேடம், எதிர்ப்பக்கத்துல இருக்கறதுலயே கனமான வாதம் அதுதான். 1994ல ஃபிசியோலோஜியா பிளான்டாரம்ங்கற இதழ்ல வந்துச்சு, வட்டத்துக்குள்ள இருக்கற தண்டுல கணு நீளமாகுது, மைக்ரோவேவ் மாதிரி திடீர் சூடு உள்ள இருக்கற தண்ணிய ஆவியாக்கியிருக்கலாம்னு. ஆனா நீங்க இத்தன வருஷம் பாடம் எடுத்தவங்க, படுத்த தண்டு என்ன பண்ணும்னு உங்களுக்கு தெரியும். புவியீர்ப்ப உணர்ந்து கணுவோட அடிப்பக்கம் நீண்டு நுனிய மேல தூக்கும், அதுக்கு ஒரு ரெண்டு நாளே போதும். லெவன்குட் ஒப்பிட்டது வட்டத்துல படுத்திருந்த செடியையும் வெளிய நின்னுகிட்டிருந்த செடியையும். பலகை வெச்சு நாமளே அன்னிக்கே படுக்க வெச்ச செடியத்தானே பக்கத்துல வெச்சு பாத்திருக்கணும்? எந்தச் செடி எங்கேருந்து வந்துச்சுன்னு அளக்கறவருக்கு தெரியாம வெச்சு அளக்கணும், அதுவும் நடக்கல, ஜோ நிக்கல் மாதிரி விமர்சகர்கள் கேட்டதும் அதைத்தான்.

கேள்வி (மதுரை வாசகர்): இங்கிலாந்துல சில்போல்ட்டன்ல ரேடியோ டெலஸ்கோப் பக்கத்து வயல்லயே முகமும் பதில் செய்தியும் வந்துச்சே, நாம 1974ல விண்வெளிக்கு அனுப்பின செய்திக்கு பதில்தானே அது?

அரெசிபோங்கற ரேடியோ டெலஸ்கோப்லேருந்து அனுப்பின செய்தி 1679 புள்ளில ஒரு படம், போன எடம் எம்13ங்கற நட்சத்திரக் கூட்டம், சுமார் 25,000 ஒளியாண்டு தூரம். சில்போல்ட்டன் வட்டம் 2001 ஆகஸ்ட்ல வந்துச்சு, அதாவது செய்தி கெளம்பி 27 வருஷம்கூட ஆகல, ஒளி வேகத்துல போயும் பயணத்துல ஆயிரத்துல ஒரு பங்குதான் முடிஞ்சிருக்கும். "வழில வேற யாராவது கேட்டிருக்கலாமே"ன்னு சொல்றவங்க இருக்காங்க. கேட்டவங்களுக்கு ரேடியோ தெரியும்தானே, பக்கத்துலயே அவ்ளோ பெரிய டிஷ் நிக்கும்போது அதுக்கே திருப்பி அனுப்பியிருந்தா உலகத்துல ஒருத்தரும் மறுக்க முடியாது. நம்ம படத்தையே எடுத்து கார்பனோட சிலிக்கான சேத்து, தலைய பெருசாக்கி கோதுமைல வரையறது, அந்தப் படத்த புத்தகத்துல பாத்த ஆளு செய்யற வேலை. வேற்றுகிரகத்துல உயிர் இருக்கான்னு தேடறது பெரிய விஷயம், எனக்கும் அந்த ஏக்கம் உண்டு, அதனாலதான் இந்த மாதிரி சான்ற ஏத்துக்க மனசு வரல.

கேள்வி (சேலம் வாசகி): 1678லயே இங்கிலாந்துல வந்திருக்காம், அப்ப டக் இல்லையே?

அது ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்ல வந்த ஒரு துண்டுப் பிரசுரம். கூலித் தகராறுல ஒரு விவசாயி, உனக்கு இவ்ளோ கூலி குடுக்கறதுக்கு பதிலா பிசாசே அறுக்கட்டும்னு சொல்ல, மறுநாள் ஓட்ஸ் சுத்தமா அறுபட்டு கெடந்துச்சுன்னு கதை. அறுபட்டு கெடந்துச்சு, படுத்து கெடக்கல. க்ராப் சர்க்கிள்ல தண்ட யாரும் வெட்டறதே இல்ல.

கேள்வி (ஈரோடு வாசகர்): ஆண்ட்ரூஸே 2000ல 80 சதவீதம்தான் மனுஷ வேலைன்னாரு. மீதி 20? அப்புறம் அந்த விவசாயிக்கு நஷ்டம் யாரு குடுப்பா?

மொத பாதிக்கு: 80ஐயும் 20ஐயும் பிரிச்ச கண்ணு எது? 1990லயும் 91லயும் ஏமாந்த அதே மாதிரி கண்ணுதான். ஆள் மாட்டலங்கறதுனால அது வேற்றுகிரகம் ஆகிடாது. இன்னொண்ணும் பாருங்க, வட்டங்கள் பெரும்பாலும் ரோடு பக்கத்துல, ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி மாதிரி பழங்கால கல் வட்டம் இருக்கற, ஜனங்க ஏற்கனவே வர்ற எடத்துலதான் வருது, யாராவது பாக்கணும்னு ஆசைப்படறவங்க தேர்ந்தெடுக்கற எடம் அது.

ரெண்டாவது பாதிதான் இந்த மொத்த விவாதத்துல யாரும் கேக்காதது, கேட்டதுக்கு நன்றி. யாரும் குடுக்கறதில்ல. படுத்த கதிர மெஷின் சரியா எடுக்காது, அத விட பாக்க வர்ற கூட்டம் மிதிக்கறதுதான் பெரிய நஷ்டம். 2000ல ஒருத்தர வில்ட்ஷயர்ல புடிச்சு கோர்ட்டுல நிறுத்தினாங்க, அபராதம் 100 பவுண்டு, அவ்ளோதான். சில விவசாயிங்க வயல் முனைல உண்டியல் வைக்கறாங்க, சிலர் கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே வட்டத்த அறுத்துடறாங்க, ரெண்டுமே அவங்க உரிமை. 2011 ஜனவரில இந்தோனேசியால யோக்யகர்த்தா பக்கத்துல ஸ்லெமான்ல நெல் வயல்லயே ஒண்ணு வந்துச்சு, அந்த நாட்டு விண்வெளி நிறுவனம் லாப்பான் மனுஷ வேலைன்னு சொல்லியும் ஜனம் குவிஞ்சுச்சு.

அதனால வாசகர்கள்ல யாராவது கோடைல அந்தப் பக்கம் போனீங்கன்னா, மொதல்ல வயல்காரர்கிட்ட அனுமதி கேளுங்க, டிராக்டர் தடத்துல மட்டும் நடங்க, உண்டியல் இருந்தா காசு போட்டுட்டு வாங்க. அறுத்துட்டேன், பாக்க ஒண்ணும் இல்லன்னு அவர் சொன்னா சரிங்கன்னு திரும்பிடுங்க.